துணையோடு பழகும் நாய்

ஏர் உழும் குடும்பத்தில் பிறந்தவர்களுக்கு நான் சொல்லப்போவது முற்றிலும் புதிய செய்தி அன்று. புதிதாக ஏருக்குப் பழக்க வேண்டிய இளங்காளையை எந்த உழவரும் மற்றோர் இளங்காளையோடு சேர்த்துப் பூட்டுவதில்லை. பல பருவம் உழுது அனுபவப்பட்ட மாடு ஒன்றின் பக்கத்தில் அதை நிறுத்தி, ஒரே நுகத்தடியில் இரண்டையும் பூட்டி ஓட்டுவார். முதல் நாள் இளங்காளை துள்ளும். நுகத்தை உதறித் தள்ளப் பார்க்கும். உழவுசால் கோணலாகப் போகும். பக்கத்து மாடோ ஒன்றுமே நடவாதது போலத் தன் நடையை நடந்துகொண்டிருக்கும். சில நாட்களில் அந்த நிதானம் இளையதையும் தொற்றிக்கொள்ளும். திரும்ப வேண்டிய இடத்தில் திரும்புவதும், நிற்க வேண்டிய இடத்தில் நிற்பதும் தார்க்குச்சி கற்பித்த பாடம் அன்று. கூட நடந்த மாடு கற்பித்த பாடம். காட்டிலிருந்து பிடித்துவந்த யானையைப் பழக்கும்போது கும்கி யானைகளைத் துணை நிறுத்துவதும் இதே முறைதான்.

மாட்டுக்கும் யானைக்கும் நாம் கையாளும் இந்த வழியை நாய்க்கு மட்டும் ஏனோ மறந்துவிடுகிறோம். நாயைப் பழக்குவது என்றவுடன் நம் மனக்கண்முன் வருவது ஒரு மனிதர், ஒரு கயிறு, அக்கயிற்றின் மறுமுனையில் தனியாக ஒரு நாய் என்ற காட்சிதான். நானும் அப்படித்தான் தொடங்கினேன். அதில் தோற்றேன். பிறகு ஒரு துணையின் உதவியால் வென்றேன். அந்த வெற்றியே மற்றொரு நாள் பெரும் ஆபத்தில் கொண்டுபோய் விட்டது. அந்த அனுபவத்தையும், அதற்கு விளக்கம் தேடிப் படித்தபோது கிடைத்த ஆராய்ச்சிச் செய்திகளையும் மாணவ நேயர்களாகிய உங்கள்முன் வைக்க விரும்புகிறேன்.

எங்கள் வீடு நெடுஞ்சாலையை ஒட்டியது. வாசற்படியிலிருந்து தார்ச்சாலையின் விளிம்புவரை அளந்தால் 18 அடிதான் இருக்கும். இரவும் பகலும் லாரிகள் ஓடுகிற சாலை அது. அப்படிப்பட்ட வீட்டுக்குத் தெருவில் கிடந்த நாய்க்குட்டி ஒன்று வந்து சேர்ந்தது. கறுப்பன் என்று பெயரிட்டோம். அவனுக்குக் கை கொடுக்கவும் உருளவும் கற்பிக்க வேண்டும் என்ற ஆசையெல்லாம் எனக்கு இல்லை. "வா" என்ற ஒரு சொல்லைக் கற்பித்துவிட்டால் போதும். அந்த ஒரு சொல் அவன் உயிரைக் காக்கும் என்பதே என் எண்ணம். (இலக்கணப்படி "அது" என்று சொல்வதே முறை. ஆனால் ஒரே கூரையின்கீழ் உடன் வாழ்ந்தவனை அஃறிணையில் வைக்க நா இடங்கொடுப்பதில்லை. உவப்பினால் திணை மாறுவதை இலக்கணமும் வழுவமைதி என்று ஏற்றுக்கொண்டிருக்கிறது.)

ஒரு மாதம் கொல்லைப்புறத்தில் நின்று "வா, வா" என்று தொண்டை வறளக் கூப்பிட்டேன். கறுப்பன் தலையைச் சாய்த்துக் கேட்பான், வாலை ஆட்டுவான், வரமாட்டான். கயிற்றைக் கட்டி இழுத்தேன். இழுத்த பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாக நான்கு கால்களையும் ஊன்றிக்கொண்டான். சற்று அதட்டிய அன்று வேலியோரத்தில் பதுங்கி, அன்று முழுவதும் என்னைக் கண்டால் நடுங்கினான்.

இதையெல்லாம் எதிர்வீட்டுப் பெரியவர் ஒருவர் திண்ணையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். அவரிடம் ராஜா என்ற நாய் இருந்தான். அப்போது அவனுக்கு 9 வயது. "தம்பி, தொண்டையைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். நாளைக் காலையில் ராஜாவைக் கூட்டிவருகிறேன்" என்றார் பெரியவர். ராஜா எங்கள் வீட்டுக்குப் புதியவன் அல்லன். கறுப்பன் வந்த நாள் முதல் வேலி இடுக்கின் வழியாக இருவரும் முகர்ந்து பழகியிருந்தார்கள். பகலில் ஒரே வேப்பமர நிழலில் படுப்பார்கள். மறுநாள் இருவரையும் கொல்லையில் விட்டுவிட்டு நான் ஒரு மூலையில் நின்று "ராஜா, வா" என்றேன். ராஜா ஓடிவந்தான். அவன் ஓடுவதைக் கண்டு கறுப்பனும் பின்னாலேயே ஓடிவந்தான். இருவருக்கும் ஆளுக்கொரு துண்டு கருவாடு. பத்து முறை இப்படி நடந்தது. பிறகு பெயரை விட்டுவிட்டு "வா" என்று மட்டும் சொன்னேன். ஆறாம் நாள் ராஜாவை முந்திக்கொண்டு கறுப்பன் என் காலடியில் வந்து நின்றான். ஒரு மாதம் நான் முயன்று முடியாததை ராஜா ஒரு வாரத்துக்குள் முடித்துவிட்டான்.

அதே வாரத்தில் வேறொரு பாடமும் நடந்தது. பால்காரரின் மிதிவண்டியைக் கண்டால் தெருமுனைவரை குரைத்துக்கொண்டே துரத்துவது ராஜாவின் வழக்கம். அதைக் கற்றுக்கொள்ளக் கறுப்பனுக்கு ஒரே நாள்தான் ஆயிற்று, கருவாடும் தேவைப்படவில்லை. பழகிய துணை எதைக் கற்பிக்க வேண்டும், எதை விட வேண்டும் என்று நம்மைக் கேட்டுக்கொண்டு கற்பிப்பதில்லை. பன்றியோடு சேர்ந்த கன்றைப் பற்றிய நம் பழமொழியைப் பால்காரர் அன்று எனக்கு நினைவூட்டினார்.

கொல்லைப்புறத்தில் நான் கண்டதைப் பிழைப்புத் தொழிலின் அடிப்படையாகவே வைத்திருந்தவர்கள் வடதுருவத்தை அடுத்த அலாஸ்காவின் பனிவண்டிக்காரர்கள். சக்கரமில்லாத சறுக்குவண்டியில் நீண்ட கயிறு ஒன்று கட்டப்பட்டிருக்கும். அதன் இருபுறமும் இணை இணையாக நாய்களைப் பூட்டுவார்கள். நம் மாட்டுவண்டியில் இருப்பதுபோல மூக்கணாங்கயிறு கிடையாது. ஓட்டுபவர் கையில் பிடித்து இழுக்க எதுவுமே இல்லை. "ஜீ" என்று கூவினால் வலப்பக்கம், "ஹா" என்று கூவினால் இடப்பக்கம். குரல் ஒன்றே கடிவாளம். அந்தச் சொற்களை அறிந்து வழி திருப்புவது முன்னால் ஓடும் தலைமை நாய். அனுபவமில்லாத இளநாயைத் தேர்ந்த நாய் ஒன்றின் பக்கத்தில் பூட்டிவிடுவார்கள். மற்றவை ஓடும்போது ஓடி, நிற்கும்போது நின்று, திரும்பும்போது திரும்பி, அது தொழிலைக் கற்றுக்கொள்ளும்.

இவ்வகையில் டோகோ என்ற நாயின் வரலாறு கேட்கத்தக்கது. அலாஸ்காவின் நோம் நகரில் நார்வே நாட்டில் பிறந்த லியோனார்டு செப்பலா என்பவர் நாய்களைப் பழக்கிவந்தார். 1913இல் பிறந்த டோகோ குட்டிப் பருவத்தில் நோஞ்சான்; அடங்காப் பிடாரியுங்கூட. இது வண்டிக்கு உதவாது என்று செப்பலா அதை வேறொரு வீட்டுக்கு வளர்ப்புப் பிராணியாகக் கொடுத்துவிட்டார். அங்கே மெத்தையும் உணவும் குறைவின்றிக் கிடைத்தன. டோகோவோ சன்னல் கண்ணாடியை உடைத்துக்கொண்டு பாய்ந்து, பல மைல் ஓடி, பழைய கொட்டிலுக்கே வந்து சேர்ந்தது. அதன் பிறகும் தொல்லை ஓயவில்லை. செப்பலா வண்டி பூட்டிப் புறப்பட்டால் கட்டை அறுத்துக்கொண்டு பின்தொடரும். எதிரே வரும் வண்டிகளின் நாய்களிடம் வம்பு செய்யும். ஒரு பயணத்தின்போது, இனிப் பொறுக்க முடியாது என்ற நிலையில், 8 மாதக் குட்டியாக இருந்த அதை அடக்கிவைப்பதற்காகவே செப்பலா மற்ற நாய்களோடு சேர்த்துப் பூட்டினார். பூட்டியவுடன் அந்தப் போக்கிரித்தனம் போன இடம் தெரியவில்லை. அன்று மாலைக்குள் அது படிப்படியாக முன்னேறித் தலைமை நாயின் பக்கத்திலேயே ஓடியது. முதல் நாளிலேயே 75 மைல் ஓடிற்று என்பது செப்பலா சொன்ன வரலாறு.

அந்த நாய்தான் பன்னிரண்டாம் வயதில், 1925ஆம் ஆண்டின் தொடக்கத்தில், நோம் நகரத்துக் குழந்தைகளைத் தொண்டை அடைப்பான் நோயிலிருந்து காக்க மருந்து கொண்டுவந்த தொடர் ஓட்டத்தில் முன்னின்றது. மொத்தம் 674 மைல் தொலைவை 20 வண்டிக்காரர்கள் மாற்றி மாற்றி ஓட்டி, ஐந்தரை நாட்களில் கடந்தார்கள். அவர்களில் எல்லோரிலும் அதிகமாக, 91 மைல், மருந்தைச் சுமந்தது செப்பலாவின் வண்டி. அதுவும் உடையக்கூடிய கடற்பனியின்மேல். கடைசிக் கட்டத்தை ஓடி நகருக்குள் நுழைந்தது பால்டோ என்ற வேறொரு நாய் முன்னின்ற வண்டி. அதனால் நியூயார்க் பூங்காவில் அந்த ஆண்டே சிலை எழுந்தது பால்டோவுக்கு. கடைசியாக வந்து கைதட்டலை வாங்கிக்கொள்வது மனிதரிடையே மட்டும் உள்ள வழக்கம் அன்று போலும்.

நமக்கு வேண்டிய செய்தி டோகோவின் புகழ் அன்று. அந்த முதல் நாள் நடந்தது என்ன என்பதே. தனியே கட்டிவைத்தபோது அடங்காத ஒரு குட்டி, தான் அறிந்த நாய்களின் நடுவே பூட்டப்பட்டதும் அடங்கியது ஏன்?

நாய் கூட்டமாக வாழும் விலங்கின் வழித்தோன்றல். கூட்டத்தில் ஒன்று எழுந்தால் மற்றவை எழும். ஒன்று ஓடினால் மற்றவை ஓடும். தின்பதிலுங்கூட இது தெரிகிறது. தனியே தின்னும் குட்டியைவிட, உடன்பிறந்தவற்றோடு சேர்ந்து தின்னும் குட்டி அதிகம் தின்கிறது என்று 1949இல் ராஸ் என்னும் பெயருடைய இரு அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் எழுதினார்கள். அடுக்களையில் குழந்தைகளுக்குச் சோறு ஊட்டும் தாய்மார்களுக்கு இது ஆராய்ச்சி இல்லாமலே தெரியும். ஆகவே கூட ஒரு நாய் ஓடும்போது, "ஓடு" என்று நாம் தூண்ட வேண்டியதில்லை. தூண்டுகோல் உள்ளேயே இருக்கிறது.

அடுத்தது, கவனம். குட்டிக்கு உலகம் முழுவதும் ஒரே சமயத்தில் கவர்ச்சிகரமாக இருக்கிறது. எதைப் பார்ப்பது என்று அதற்குத் தெரியாது. துணை நாய் எதைத் தொடுகிறதோ, எந்தப் பக்கம் போகிறதோ, அங்கே அதன் பார்வை போகிறது. 1977இல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சி இதை அழகாகக் காட்டிற்று. சுமார் 5 வாரம் நிரம்பிய டாக்ஷண்ட் இனக் குட்டிகளுக்குமுன் உணவு ஏற்றிய சிறு வண்டி வைக்கப்பட்டது. வண்டியில் கட்டிய நாடாவைப் பிடித்து இழுத்தால் உணவு கூண்டுக்குள் வந்துவிடும். வழி தெரியாத குட்டி தானாகக் கண்டுபிடித்து இழுக்கச் சராசரியாகப் பத்து நிமிட அளவு பிடித்தது. உடன்பிறந்த குட்டி இழுப்பதைச் சில முறை பார்த்துக்கொண்டிருந்த குட்டியோ, தன் முறை வந்ததும் ஒரு நிமிடத்துக்குள் இழுத்துவிட்டது. பார்த்த குட்டி செயலையே கற்றதா, நாடா என்ற ஒரு பொருள் அங்கே இருக்கிறது என்பதை மட்டும் கற்றதா என்று அறிஞர்கள் வாதிடலாம். அந்த வாதம் தேவையானதே. கயிற்றைக் கையில் பிடித்து நிற்கிறவனுக்கோ ஒன்பது நிமிடம் மிச்சம்.

தென்னாப்பிரிக்கக் காவல்துறையின் நாய்களைக்கொண்டு ஸ்லாபர்ட், ராசா என்ற இருவர் நடத்தி 1997இல் வெளியிட்ட ஆராய்ச்சி இன்னும் ஒரு படி மேலே போகிறது. போதைப்பொருளை மோப்பம் பிடித்து எடுத்துவரும் தாய்நாயின் வேலையை, 6 வாரம் முதல் 12 வாரம் வரையுள்ள பருவத்தில் அதன் குட்டிகள் பார்க்கும்படி செய்தார்கள். குட்டிகளுக்கு எந்தப் பயிற்சியும் கொடுக்கவில்லை. 6 மாத வயதில் சோதித்தபோது, தாயின் வேலையைப் பார்த்து வளர்ந்தவை, பார்க்காமல் வளர்ந்தவற்றைவிடத் தெளிவாக மேம்பட்டு நின்றன.

மூன்றாவது, அச்சம் நீங்குதல். இதுவே எல்லாவற்றுக்கும் அடிப்படை என்று நான் நினைக்கிறேன். அஞ்சுகிற நாய் கற்காது. வேலியோரத்தில் நடுங்கிய கறுப்பனின் நினைவு இன்னும் எனக்கு உறுத்தலாக இருக்கிறது. ஆனால் பழகிய நாயைத் துணைவைத்தால் அச்சம் தானே நீங்கிவிடும் என்று எளிதாகச் சொல்லிவிட முடியாது. 1996இல் அமெரிக்காவில் வெளிவந்த ஆராய்ச்சி ஒன்றில், பல ஆண்டுகள் ஒரே கொட்டிலில் ஒன்றாக வாழ்ந்த இணை நாய்களைச் சோதித்தார்கள். பழக்கமில்லாத இடத்தில் ஒரு நாயை 4 மணி நேரம் தனியே விட்டால், மன நெருக்கடியின்போது உடலில் சுரக்கும் சுரப்புநீர் பாதிக்குமேல் கூடிற்று. கொட்டில் தோழனோடு சேர்த்து விட்டபோதும் அப்படியே கூடிற்று! வழக்கமாகப் பராமரிக்கும் மனிதர் உடன் இருந்தபோது மட்டும் அந்தக் கூடுதல் குறிப்பிடும்படி காணப்படவில்லை.

இதைப் படித்தபோது எனக்கு வியப்பாக இருந்தது. கொல்லையில் கறுப்பனுக்குத் தைரியம் தந்தவன் ராஜா ஒருவனே என்றல்லவா எண்ணியிருந்தேன்? யோசித்துப் பார்த்தால், ராஜா வந்த நாள் முதல் நான் அதட்டுவதை விட்டுவிட்டேன், கயிற்றையும் அவிழ்த்துவிட்டேன். நாய்க்குப் "பழகிய துணை" என்பது நாயாக மட்டும் இருக்க வேண்டியதில்லை. மனிதனும் அந்தத் துணைகளில் ஒருவன். நாயின் கண்ணுக்குப் பல வேளைகளில் முதல்வன்.

ரஷ்ய அறிஞர் பாவ்லோவின் ஆராய்ச்சிக்கூடத்தில் நடந்த ஒரு நிகழ்ச்சியும் இதையே சொல்கிறது. உணவு வருமுன் ஒரு குறியைக் காட்டிப் பழக்கினால், பிறகு அந்தக் குறி ஒன்றுக்கே நாயின் வாயில் உமிழ்நீர் ஊறும் என்று அவர் நிறுவியது பள்ளிப் புத்தகத்திலேயே இருக்கிறது. புத்தகத்தில் இல்லாதது 1924 செப்டம்பரில் லெனின்கிராடில் வந்த வெள்ளம். நாய்க் கொட்டில்களுக்குள் நீர் புகுந்தது. பெரும்பாடுபட்டு நாய்களை மீட்டார்கள். சில நாட்களுக்குப்பின் சோதனையைத் தொடர்ந்தபோது, நன்றாகப் பழகியிருந்த ஒரு நாயிடம் பழைய பயிற்சியெல்லாம் மறைந்திருந்தது. குறியைக் காட்டினால் உமிழ்நீர் இல்லை. உணவை வைத்தாலும் தொடவில்லை. அக்கூடத்தின் வழக்கப்படி நாய் அறைக்குள் தனியே நிற்கும். சோதிப்பவர் வெளியே இருப்பார். வழக்கத்தை மாற்றி, வழக்கமாகச் சோதிக்கும் அந்த மனிதர் உள்ளே போய் நாயின் பக்கத்தில் உட்கார்ந்தார். மறைந்த பயிற்சி திரும்பி வந்தது. அவர் வெளியே வந்ததும் மீண்டும் மறைந்தது.

இச்செய்தியில் இரண்டு பக்கம் உண்டு. துணை இருந்தால் கற்றது திரும்பும் என்பது ஒரு பக்கம். துணை போனால் கற்றதும் போகக்கூடும் என்பது மறுபக்கம். அந்த மறுபக்கத்தை நான் புத்தகத்தில் படிப்பதற்கு முன்பே நெடுஞ்சாலையில் படித்தேன்.

கறுப்பனுக்கு 2 வயது நடக்கும்போது ராஜா முதுமையால் இறந்தான். அடுத்த பத்து நாட்கள் கறுப்பன் வேப்பமரத்தடியிலேயே கிடந்தான். அப்போது நான் அவனைக் கூப்பிட்டுப் பார்க்கவில்லை. கூப்பிட வேண்டிய தேவையும் நேரவில்லை. ஒரு நாள் அந்தி நேரம். வாசற்கதவை யாரோ சரியாகச் சாத்தவில்லை. சாலையின் நடுவில் கறுப்பன் நின்றுகொண்டிருந்தான். தொலைவில் லாரியின் விளக்கு தெரிந்தது. நான் படியில் நின்று "கறுப்பா, வா!" என்று கூவினேன்.

அவனுக்குக் காது கேட்டது. தலையைத் திருப்பினான். ஆனால் என்னைப் பார்க்கவில்லை. இடப்பக்கம் பார்த்தான், பிறகு வலப்பக்கம் பார்த்தான். ஓடவேண்டியவன் ஒருவன் ஓடவில்லையே என்று தேடுகிறவன் போல நின்ற இடத்திலேயே நின்றான். நான் மறுபடியும் கூவினேன். மறுபடியும் அதே தேடல்தான். லாரி ஓட்டுநர் தடையை மிதித்த ஓசை தெருவையே எழுப்பிவிட்டது. வண்டி நின்ற இடத்துக்கும் கறுப்பனுக்கும் இடையே நான்கு முழம் இருக்கலாம். ஓட்டுநர் இறங்கி வந்தார். என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கறுப்பனின் தலையைத் தடவிவிட்டு, "கட்டிப் போட்டு வளருங்கள் ஐயா" என்று சொல்லிவிட்டுப் போனார். திட்டியிருந்தால் எளிதாக இருந்திருக்கும்.

அன்று இரவு முழுவதும் ஒரு கேள்விதான். ஓராண்டுக்கு மேலாக நாள் தவறாமல் வந்தவன் அன்று ஏன் வரவில்லை? அன்பு குறைந்துவிட்டதா? பிடிவாதமா? இரண்டும் இல்லை. "வா" என்ற சொல்லை அவன் கற்கவே இல்லை என்பதுதான் உண்மை. அவன் கற்றது, "ராஜா ஓடும்போது ஓடு" என்பது. நான் சொல்லும் சொல்லும் ராஜாவின் ஓட்டமும் எப்போதும் ஒரே சமயத்தில் நிகழ்ந்தன. அவற்றில் எது அவனுக்குக் குறியாயிற்று என்று நான் ஒரு நாளும் பிரித்துப் பார்க்கவில்லை.

இதற்கும் பாவ்லோவின் கூடத்தில் விளக்கம் இருக்கிறது. இரண்டு குறிகளை ஒரே வேளையில் சேர்த்துக் காட்டிப் பழக்கினால், வலிய குறி எளிய குறியை மறைத்துவிடும். தோலைத் தொடும் குறியையும் குளிர்ச்சிக் குறியையும் சேர்த்து ஒரு நாய்க்குப் பழக்கினார்கள். இரண்டும் சேர்ந்தபோது உமிழ்நீர் ஊறிற்று. தொடுதல் தனியே வந்தபோதும் ஊறிற்று. குளிர்ச்சி தனியே வந்தபோது ஒன்றும் நிகழவில்லை. குளிர்ச்சியை நாய் உணராமல் இல்லை. வலிய துணை இருந்ததால் அதைக் கவனிக்க வேண்டிய தேவை அதற்கு ஏற்படவில்லை. கறுப்பனுக்கு ராஜாவின் ஓட்டம் வலிய குறி. என் குரல் எளிய குறி. தேர்வு அறையில் பக்கத்து மாணவனின் தாளைப் பார்த்தே எழுதிப் பழகியவன், தனி அறையில் உட்கார்த்தப்பட்டால் என்ன ஆவானோ, அதுதான் சாலை நடுவில் கறுப்பனுக்கு ஆயிற்று. குற்றம் மாணவனுடையது அன்று. ஓராண்டாகத் தேர்வே வைக்காத ஆசிரியனுடையது.

ஆகவே துணையோடு பழக்குவதன் பயன் பெரிது என்று நான் சொல்லும்போது, துணையை எந்த நாளில் எப்படி விலக்குவது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். ராஜா இருந்த காலத்தில் நான் செய்திருக்க வேண்டியது இது. முதலில் இருவரும் சேர்ந்து ஓடிவரட்டும். சில நாட்களுக்குப்பின் ராஜாவை மரத்தில் கட்டிவிட்டு, கறுப்பனின் கண்ணுக்குத் தெரியும்படி வைத்துக்கொண்டு, கறுப்பனை மட்டும் கூப்பிட வேண்டும். பிறகு ராஜா சுவருக்கு அப்பால் இருக்க வேண்டும். அவன் மணம் இருக்கும், உருவம் தெரியாது. அதன்பின் ராஜா தன் வீட்டில் இருக்கும் நேரத்தில் கூப்பிட வேண்டும். கொல்லையில் வருகிறவன் வாசலில் வருவானா, கோயில் வாசலில் வருவானா என்று இடத்தையும் மாற்றிப் பார்க்க வேண்டும். ஒரு படியில் தடுமாறினால் முந்தின படிக்குத் திரும்ப வேண்டும், அதட்டக் கூடாது. ராஜா இல்லாத நிலையில் இதையெல்லாம் நான் தொடக்கத்திலிருந்தே செய்ய வேண்டியிருந்தது. நீண்ட கயிறு ஒன்றைக் கட்டிக்கொண்டு மூன்று வாரம் உழைத்தேன். என் தம்பி மகனைத் துணைக்கு ஓடச் சொல்லித் தொடங்கி, அவனையும் சிறிது சிறிதாக விலக்கினேன்.

எந்தத் துணை சிறந்தது என்பதிலும் ஒரு நுட்பம் உண்டு. அங்கேரி நாட்டின் புடாபெஸ்ட் நகரில் ஏட்வஷ் லோரான்ட் பல்கலைக்கழகத்தார் பல ஆண்டுகளாக நாய்களின் அறிவை ஆராய்ந்துவருகிறார்கள். கவை வடிவில் அமைந்த கம்பி வேலிக்கு அப்பால் உணவை வைத்தால், வேலியைச் சுற்றிப் போக வேண்டும் என்று நாய்க்கு எளிதில் தோன்றுவதில்லை. வேறொருவர் சுற்றிப் போவதைப் பார்த்தால் தோன்றுகிறது. அப்படிச் சுற்றிக் காட்டுகிறவர் சொந்தக்காரராக இருந்தாலும், அயலாராக இருந்தாலும், முன்பின் அறியாத நாயாகவே இருந்தாலும் பார்த்த நாய் கற்றுக்கொள்கிறது. அவர்களே 2018இல் வெளியிட்ட ஆராய்ச்சி மேலும் விந்தையானது. உணவுப் பெட்டியைத் திறக்கும் வித்தையை 8 வாரக் குட்டிகள் மனிதரிடமிருந்தும் அயல் நாயிடமிருந்தும் கற்றன. சொந்தத் தாய் செய்துகாட்டியபோது அவ்வாறு கற்கவில்லை! தினமும் பார்க்கும் முகத்தை யார்தான் உற்றுப் பார்க்கிறார்கள்? தென்னாப்பிரிக்கக் குட்டிகள் தாயிடமிருந்தே கற்றனவே என்று நீங்கள் கேட்கலாம். ஒருமுறை பார்ப்பதற்கும் வாரக்கணக்கில் உடனிருந்து பார்ப்பதற்கும் வேறுபாடு உண்டு. என் அனுபவத்தில் பழகிய துணை தருவது முதலில் நிதானம். பாடம் அந்த நிதானத்தின்மேல் மெள்ள ஏறுகிறது. நாயின் இயல்பும் இங்கே குறுக்கிடும். வீட்டு நாய்களுக்குள் தன்னை மேலாகக் கருதும் நாய் மற்ற நாயைப் பார்த்து எளிதில் கற்பதில்லை, மனிதனைப் பார்த்துக் கற்கிறது என்றும் அதே கூடத்தார் 2008இல் எழுதியிருக்கிறார்கள்.

ஒரே வயதுடைய இரண்டு குட்டிகளை ஒன்றாக வாங்கிவந்து வளர்த்தால் ஒன்றுக்கொன்று துணை ஆகுமே என்று சிலர் கேட்பதுண்டு. அனுபவமுள்ள பழக்குநர் பலர் இதை விரும்புவதில்லை. இரண்டும் ஒன்றையொன்றே பார்த்துக்கொண்டிருக்கும், நம்மைப் பார்க்காது என்பது அவர்கள் கருத்து. இரண்டு இளங்காளைகளை ஒரே நுகத்தில் பூட்டாத உழவரின் கருத்தும் அதுவே. மற்றொன்று: துணையாக வரும் நாய்க்கு வெறிநோய்த் தடுப்பூசி போடப்பட்டிருக்கிறதா என்று கேட்டு அறியாமல் குட்டியோடு பழகவிடக் கூடாது.

கறுப்பனுக்கு இப்போது 6 வயது. சென்ற ஐப்பசியில் செம்பி என்ற பெண்குட்டி எங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறாள். காலையில் இருவருக்கும் ஒன்றாகப் பாடம். கறுப்பன் ஓட, செம்பி ஓடுவாள். மாலையில் கறுப்பனை உள்ளே விட்டுக் கதவைச் சாத்திவிட்டு, செம்பிக்குத் தனிப்பாடம். பால்காரரின் மிதிவண்டியைத் துரத்தும் கலை ராஜாவிடமிருந்து கறுப்பனுக்கும், கறுப்பனிடமிருந்து செம்பிக்கும் வழிவழியாக வந்து சேர்ந்துவிட்டது. அதைத் தடுக்க இன்னும் வழி காணவில்லை. நேற்று மாலை கொல்லையின் கடைசி மூலையில் தனியே நின்றவளை "செம்பி, வா" என்று கூப்பிட்டேன். கதவுப் பக்கம் ஒரு முறை திரும்பிப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள், ஓடிவந்தாள். உள்ளே கறுப்பன் கதவைப் பிறாண்டிக்கொண்டிருந்தான். அவனுக்கும் ஒரு துண்டு கருவாடு கொடுக்க வேண்டியதாயிற்று.